சலவை இயந்திரம் ஏன் உறுமுகிறது?

உங்கள் வீட்டில் சலவை இயந்திரம் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் கவலையில்லை, மின்விசிறி இருக்குமல்லவா? இப்போது நான் சொல்லப்போவது இரண்டுக்குமே பொருந்தும்.

எங்கள் வீட்டில் இருப்பது இரட்டைத் தொட்டி இயந்திரம். ஒரு தொட்டி துவைக்கும், மற்றொன்று பிழியும். ஒரு ஞாயிறு காலை, துவைத்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றுவிட்டது. குமிழைத் திருப்பினால் 'ம்ம்ம்' என்ற உறுமல் மட்டும் கேட்டது. தொட்டியின் அடியிலுள்ள தட்டு சுழலவில்லை. பழுது பார்க்க வந்தவர் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். "மோட்டார் எரிஞ்சு போச்சு சார், புதுசுதான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எரிந்திருந்தால் கருகிய வாடை வரவேண்டுமே? வரவில்லை. எனவே, பணத்தைச் செலவிடுமுன் சற்று யோசிக்கலாம் என்று தோன்றியது.

மூன்று தடயங்கள்

முதல் தடயம், அந்த உறுமல். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று மாறும் மாறுமின்னோட்டம். ஒவ்வொரு சுற்றிலும் காந்த இழுப்பு இருமுறை உச்சம் அடைகிறது. ஆகவே மோட்டாரின் இரும்பு விநாடிக்கு 100 முறை அதிர்கிறது; அதுவே உறுமலாகக் கேட்கிறது. அப்படியானால் மின்சாரம் மோட்டார் வரை வருகிறது. பிளக், பியூஸ் மீது குற்றமில்லை.

இரண்டாவது தடயம்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடித்தட்டைக் கையால் சுற்றினேன். தாராளமாகச் சுற்றியது. நாணயமோ கொண்டை ஊசியோ சிக்கி அதைத் தடுக்கவில்லை.

மூன்றாவது தடயம்தான் முக்கியமானது. துவைக்கும் தட்டு சிறிது நேரம் வலமாகவும் சிறிது நேரம் இடமாகவும் சுற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் இயந்திரமோ இரண்டு முறையும் ஒரே மாதிரி உறுமியது. இதன் பொருள் என்ன? ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

நூலும் கல்லும்

ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி, கதவு நிலையிலிருந்து தொங்கவிடுங்கள். வடக்குத் தெற்காக ஆடவிடுங்கள். எவ்வளவு நேரம் ஆடினாலும் அது முன்னும் பின்னும்தான் போகும், வட்டமிடாது. இப்போது, கல் வடகோடியை எட்டும் கணத்தில் கிழக்கு நோக்கி ஒரு தட்டுத் தட்டுங்கள். உடனே அது வட்டமிடத் தொடங்கும்! மேற்கு நோக்கித் தட்டினால் எதிர்ப்புறமாக வட்டமிடும். ஆக, வட்டச் சுழற்சிக்கு இரண்டு தள்ளல்கள் தேவை. இரண்டாவது தள்ளல் குறுக்கு வாக்கில், கால் சுற்றுத் தாமதமாக வரவேண்டும்.

மோட்டாரிலும் இதே கதைதான். ஒரு கம்பிச்சுருள் மட்டும் இருந்தால் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிரச் சுழலாது. ஆகவே குறுக்காக இரண்டாவது சுருளை வைக்கிறார்கள். அதற்குச் செல்லும் மின்னோட்டத்தின் கட்டத்தை மாற்றித் தருவது ஒரு மின்தேக்கி. கடைக்காரர்கள் இதைக் 'கண்டன்சர்' என்பார்கள். இரண்டு புலங்களும் சேர்ந்து சுழலும் புலமாகி மோட்டாரை இழுத்துச் செல்கின்றன. இத்தகைய சுழலும் புலத்தால் இயங்கும் மோட்டாருக்கு 1888இல் நிக்கோலா டெஸ்லா அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் இத்தாலியின் கலிலேயோ ஃபெராரிசும் தம் ஆய்வை வெளியிட்டார்.

எங்கள் இயந்திரத்தின் துவைக்கும் மோட்டாரில் வலப்பக்கம் சுற்றும்போது ஒரு சுருளுக்கு மின்சாரம் நேரடியாகவும், மற்றதற்கு மின்தேக்கி வழியாகவும் போகும். இடப்பக்கம் சுற்றும்போது இந்த முறை தலைகீழாகும். இரண்டு முறையும் உறுமல் கேட்டதால் இரண்டு சுருள்களும் உயிரோடு இருக்கின்றன! இரண்டுக்கும் பொதுவானது மின்தேக்கிப் பாதை மட்டுமே. குற்றவாளி அங்கேதான் இருக்கவேண்டும்.

நான் செய்த தவறு

அன்று மதியம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றினேன். ஊகம் சரியாகவே இருந்தது. மின்தேக்கியின் ஒரு முனையில் மாட்டியிருந்த பித்தளைக் கிளிப் பச்சை பூத்து அரித்து, அதிர்வில் ஒடிந்து தொங்கியது. மகிழ்ச்சியில் மின்தேக்கியை எடுக்க விரல்களை நீட்டினேன். 'சுரீர்' என்று ஓர் அதிர்ச்சி! வெடுக்கென்று இழுத்த கை, தகரத்தின் கூரிய விளிம்பில் பட்டுக் கிழிந்தது.

மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் பாடம் நடத்துபவன் நான்! "பிளக்கைத்தான் பிடுங்கியாயிற்றே" என்ற நினைப்பில் அதை மறந்துபோனேன். இணைப்பு சரியாக இருந்திருந்தால் மின்னூட்டம் சுருள்கள் வழியே வடிந்திருக்கும். ஓடும்போதே கிளிப் ஒடிந்ததால் அது வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். மின்தேக்கி 10 மைக்ரோஃபாரட். சேமித்த ஆற்றல் ½CV², அதாவது சுமார் அரை ஜூல். 50 கிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்தப் போதுமானது, அவ்வளவுதான். ஆனால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் உடலில் பாய்கிறது. பயிற்சி பெற்ற மின்பணியாளர் முதலில் காப்பிட்ட கம்பிகள் கொண்ட மின்தடையை இரு முனைகளிலும் இணைப்பார். அது 10,000 ஓம் என்றால் அரை விநாடியில் மின்னூட்டம் பெரும்பாலும் வடிந்துவிடும்.

புதுக் கிளிப் மாட்டியதும் இயந்திரம் பழையபடி சுழன்றது. மோட்டார் வாங்கும் செலவு மிச்சம். கை வடு மட்டும் இன்றும் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

மூடியைத் திறக்காமலே பல பழுதுகளைக் கண்டுபிடிக்கலாம். சத்தமே இல்லையா? அதே சாக்கெட்டில் மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் தட்டு சுழலவில்லையா? பெல்ட் தளர்ந்தோ அறுந்தோ இருக்கலாம். தண்ணீர் வடியவில்லையா? குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிழியும்போது இயந்திரம் குதிக்கிறதா? துணி ஒரே பக்கம் குவிந்திருக்கும். நிறுத்திவிட்டுச் சமமாகப் பரப்புங்கள்.

பின்மூடியைத் திறப்பது மட்டும் உங்கள் வேலையன்று. ஈரக் கையால் பிளக்கைத் தொடவேண்டாம். மூன்று முள் பிளக்கில் நீண்டிருக்கும் முள் நில இணைப்புக்கானது. அதை ஒருபோதும் ஒடிக்கவேண்டாம். பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்ததும் சுழற்சியை நிறுத்தும் அமைப்பை முடக்கிவிட்டு ஓட்டவேண்டாம். அந்தச் சிறிய தொட்டி நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். உள்ளே மாட்டும் கையை அது விடாது.

அடுத்த முறை உங்கள் மின்விசிறி சுற்றாமல் உறுமினாலோ மிக மெதுவாகச் சுற்றினாலோ, மோட்டாரைக் குறை சொல்லுமுன் அந்த நூலையும் கல்லையும் நினைத்துக்கொள்ளுங்கள். மின்பணியாளரிடம், "அண்ணா, முதலில் கண்டன்சரைப் பாருங்களேன்" என்று சொல்லுங்கள். அதைத் தொடுமுன் மின்னூட்டத்தை வடித்துவிடச் சொல்லவும் மறக்காதீர்கள்!