குறும்படம் விழாவுக்குப் புறப்படுகிறது

நம் தோழியர் பலர் இப்போது கைப்பேசியிலேயே படம் எடுக்கிறார்கள். திருவையாற்றுப் படித்துறை, கல்லணை மதகு, குறுவை நடவு எல்லாம் அதில் பதிவாகின்றன. ஆனால் அவற்றுள் பல பாதியிலேயே கிடக்கின்றன. படப்பிடிப்பு முடிந்தால் படமும் முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். நடவு முடிந்த அன்றே நெல் வீட்டுக்கு வந்துவிடுமா, என்ன?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாம் மாயாற்றின் கரையில் இருக்கிறது. மாயாறு பவானியில் சேர, பவானி காவிரியில் கலக்க, அந்நீர் நம் வாய்க்கால் வரை வருகிறது. தாயை இழந்த ரகு என்னும் யானைக்கன்றையும், அதை அங்கே வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரையும் பற்றிய ஆவணப்படமே ‘தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்’. எடுத்தவர் உதகையில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ். ஐந்தாண்டு உழைப்பில் பதிவானது சுமார் 450 மணி நேரம். முடிந்த படமோ ஏறக்குறைய 40 நிமிடம்!

ஏன் அந்த அளவு? ஆஸ்கார் விதிப்படி, இறுதியில் வரும் பெயர்ப் பட்டியல் உட்பட 40 நிமிடத்துக்கு மேற்படாததே குறும்படம். கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு எல்லை 15 நிமிடம். ஆகவே எந்த விழாவுக்கு அனுப்புகிறோம் என்று தீர்மானித்துக்கொண்டு படத்தொகுப்புக்கு உட்காருவது நல்லது. நம் நாட்டில் மும்பையில் 1990 முதலும், திருவனந்தபுரத்தில் 2008 முதலும் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் விழாக்கள் நடந்து வருகின்றன.

அடுத்தது ஒலி. மங்கலான காட்சியைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். நம் வயல்வெளியில் காற்றுக்குக் குறைவில்லை. அது ஒலிவாங்கியில் மோதினால் நடவுப் பெண்களின் பேச்சு முழுவதும் இரைச்சலாகிவிடும். எல்லாரும் ஒரு நிமிடம் வாய்மூடி நிற்க, (நம் வகுப்பில் இது நடக்குமா என்பது வேறு!) அந்த இடத்து ஒலியை மட்டும் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். வெட்டி ஒட்டிய இடங்களை மறைக்க அது உதவும். பின்னணியில் தேநீர்க் கடைச் சினிமாப் பாட்டு புகுந்துவிட்டால், உரிமையாளரின் இசைவின்றி அதை வைத்துக்கொள்ள இயலாது.

வெளிநாட்டு விழாக்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில வசனவரிகள் தேவை. திரையடியில் இரண்டே வரி. அதுவும் சில நொடிகள்தாம். ‘குறுவை’ என்ற ஒரு சொல்லை அதற்குள் எப்படி விளக்குவது? விளக்காமல் அப்படியே விட்டுவிடலாம் என்பது நம் கருத்து. பச்சை நாற்றைப் பார்ப்பவருக்குப் புரியாதா?

அனுப்புவது இன்று இணையத்தின் வழியே. பல விழாக்கள் கட்டணம் கேட்கும். முன்னதாக அனுப்பினால் பெரும்பாலும் குறையும். பெற்றோர் இதைக் கவனிக்கவும். யூடியூபில் முன்பே வெளியிட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. யானைப் படம் போன வரிசையைப் பாருங்கள்: 2022 நவம்பரில் நியூயார்க்கின் டாக் என்.ஒய்.சி. விழா, டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ், 2023 மார்ச்சில் ஆஸ்கார்.

அந்தப் படத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தங்களுக்குச் சொன்ன உதவி வந்து சேரவில்லை என்று அத்தம்பதியர் தரப்பில் 2023 ஆகஸ்டில் குறை எழுந்தது. தயாரித்தவர்கள் அதை மறுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் விழாவுக்கு நாம் அனுப்பும் படத்தில் நம் ஊர் அம்மாள்களின் முகம் இருக்கிறது. படம் எங்கெங்கே காட்டப்படும், பரிசுப் பணம் வந்தால் அவர்களுக்கு என்ன பங்கு என்பதைத் தமிழில் எழுதி, எழுத்தறியாதவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, கையொப்பமோ கைநாட்டோ பெற வேண்டும். அதைச் செய்யவேண்டிய நேரம் நடவு நாளின் காலை, கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்.