உழவு இயந்திரத்தின் புகையும் அது காட்டும் குறையும்

புரட்டாதி மாதத்தில் புழுதி விதைப்புக்காக நிலம் உழப்படும்போது, பழைய உழவு இயந்திரம் ஒன்று கரும்புகையைக் கக்கிக்கொண்டு வயலிற் செல்வது வன்னியிலும் மட்டக்களப்பிலும் புதுமையான காட்சியன்று. மழை நெருங்கி நிற்கும். உழுது தருவதாக ஒப்புக்கொண்ட வயல்கள் காத்துக் கிடக்கும். இந்நிலையில் மனங்கலங்கும் கமக்காரர், "பம்பைக் கழற்றவேண்டும்" என்று எவரேனும் சொன்னவுடன் அதற்கு உடன்பட்டுவிடுகின்றனர். பம்பு பட்டறைக்குப் போகும். பணமும் பல நாட்களும் கழியும். திரும்பப் பொருத்திய பின்னரும் புகை முன்போலவே வரும். பல வேளைகளிற் குறை பம்பில் இருப்பதில்லை. காற்று வடிகட்டியில் அடைந்த புழுதியிலேயே இருக்கின்றது.

மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சினுடன் 1959ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய மாசி பெர்குசன் 35, அதன்பின் வந்த 135 ஆகிய இயந்திரங்கள் இலங்கையின் வயல்களில் இன்றும் உழைக்கின்றன. வயது முதிர்ந்ததனால் மட்டும் எஞ்சின் புகைப்பதில்லை. புகையின் நிறத்தை அவதானித்து, செலவில்லாத சோதனைகளை முதலிலும் செலவுள்ளவற்றைப் பின்னரும் செய்தல் வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரினுள் நெருக்கப்படும் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறுகின்றது. இன்ஜெக்ரர் வழியாகச் சீறும் டீசல் அச்சூட்டில் தானாகவே பற்றுகின்றது. ஒரு லீற்றர் டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்று வேண்டும். காற்றுக் குறைந்தாலோ, டீசல் மிஞ்சினாலோ, எரியாத கரி கரும்புகையாக வெளிவருகின்றது.

ஆகவே கரும்புகையைக் கண்டால் முதலிற் கலப்பையை உயர்த்தி, சிறிய கியரில் ஓட்டிப் பார்க்கவேண்டும். புகை மறைந்தால் எஞ்சினிற் குறையில்லை. கலப்பை ஆழமாக இறங்கியிருக்கலாம், அல்லது கியர் பெரிதாயிருக்கலாம். புகை மறையாவிடின் காற்று வடிகட்டியை நோக்கவேண்டும். இவ்வியந்திரங்கள் பலவற்றில் உள்ளது எண்ணெய்த் தொட்டி வடிகட்டியாகும். அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றி, எண்ணெய் சேறாகத் தடித்திருந்தால் அதனைக் கொட்டி, கிண்ணத்தையும் மேலுள்ள கம்பி வலையையும் மண்ணெண்ணெயினாற் கழுவி, புதிய எஞ்சின் எண்ணெயை அடையாளக் கோடு வரை விடவேண்டும். புழுதி உழவின்போது கிண்ணத்தை நாள்தோறும் பார்ப்பது மிகையன்று. சேற்றுழவில் வாரம் ஒருமுறை பார்த்தாற் போதும்.

கோட்டுக்கு மேல் எண்ணெய் விடுவது நன்மை தரும் என்று கருதுவோர் உளர். மிஞ்சிய எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். அளவு பெரிதாயின், டீசலை நிறுத்திய பின்னும் எஞ்சின் அடங்காது வேகம் கூடிக்கொண்டே போகும். அவ்வேளையிற் காற்றுப் புகும் வாயைப் பலகைத் துண்டொன்றினால் இறுக மூடவேண்டும், கையினால் மூடலாகாது.

பம்பிலுள்ள முத்திரையிட்ட திருகைத் திருப்பி வலுவைக் கூட்ட முயல்வதும் கரும்புகைக்கு ஒரு காரணமாகும். கூடுதலான டீசல் வலுவாக மாறுவதில்லை. புகையாகவும் வெப்பமாகவும் போய்விடுகின்றது.

காற்றும் பாரமும் சரியாயிருந்தும் புகை குறையாவிடின், இன்ஜெக்ரர்களைச் சோதிக்கவேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இன்ஜெக்ரருக்குச் செல்லும் குழாயின் நட்டை, பழந்துணியாற் சுற்றிக்கொண்டு, ஸ்பனரினாற் சிறிது தளர்த்தி ஓசையைக் கேட்கவேண்டும். எஞ்சின் தடுமாறி வேகங் குறைந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்கின்றது. மாற்றம் எதுவுமில்லையெனில் குறை அங்கேயே உள்ளது. அந்நட்டை மீண்டும் இறுக்கிய பின்னரே அடுத்ததைத் தளர்த்தவேண்டும். சீறும் டீசல் தோலைத் துளைத்து உட்புகவல்லது; ஆதலால் கையை அதன்முன் நீட்டலாகாது. குறையுள்ள இன்ஜெக்ரரைக் கம்பியினாற் குத்தித் துப்புரவு செய்தல் அதனை அழிப்பதேயாகும். அமுக்கமானி உள்ள பட்டறையில் அதனைச் சோதிப்பிக்கவேண்டும்.

வெள்ளைப் புகை காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது சிறிது நேரம் வந்து மறைந்தால் அஞ்சவேண்டியதில்லை. சூடேறிய பின்னும் டீசல் மணத்துடன், கண்ணைக் கரிக்குமாறு வந்தால், ஏதோவொரு சிலிண்டரில் டீசல் எரியவில்லை என்பது பொருள். மேலே கூறிய நட்டுச் சோதனை இங்கும் உதவும். பீப்பாயில் வைத்த டீசலில் நீர் கலந்திருத்தலும் உண்டு. எரிபொருள் வடிகட்டியின் அடியில் நீர் தேங்கியுள்ளதா எனப் பார்க்கவேண்டும். மணமில்லாத நீராவியாக வந்து, றேடியேற்றரில் நீர் குறைந்துகொண்டே போனால் ஹெட் கஸ்கற் பழுதாகியிருக்கலாம். எண்ணெய் அளவுகோலில் பால் கலந்த தேநீர் நிறங் காணப்பட்டால், அன்றைய உழவை அப்பொழுதே நிறுத்திவிடுதல் வேண்டும். ஓரிரு வரம்புகள்தானே என்று ஓட்டினாற் பெயரிங்குகளும் கெட்டுப்போகும்.

நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டுகின்றது. வடிகட்டிக் கிண்ணத்தில் எண்ணெய் மிஞ்சவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே வேறு காரணந் தேடவேண்டும். சிறிது நேரம் மெதுவாக ஓடியபின் வேகங் கூட்டும்போது மட்டும் நீலப்புகை வந்து மறைந்தால், வால்வுகளின் வழிகாட்டிக் குழல்கள் தேய்ந்திருக்கக்கூடும். உழும்போது இடைவிடாது வந்து, எஞ்சினின் மூச்சுக்குழாயிலும் புகை எழுமாயின் பிஸ்ரன் றிங்குகளும் சிலிண்டர்களும் தேய்ந்துள்ளன. இதற்கு மட்டுமே எஞ்சினைப் பிரிக்கும் பெருஞ் செலவு தேவைப்படும். எனினும் எஞ்சின் இலகுவாகக் கிளம்பி, வலுவும் குறையாதிருந்தால், எண்ணெயை நாள்தோறும் அளந்து நிரப்பிக் காலபோக உழவை முடித்து, அறுவடைக்குப் பின் பிரிப்பதே உசிதம். விதைப்புக் காலத்தில் எஞ்சின் பட்டறையிற் கிடந்தால் ஒரு போகத்தின் வருமானமே போய்விடும்.

எஞ்சினைப் பிரிக்கும் நாளில், வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் றப்பர்க் குழாயையும் வளைத்துப் பார்க்கவேண்டும். அதிலுள்ள நூலளவான வெடிப்பினூடாகவும், தளர்ந்த கிளிப்பினூடாகவும், வடிகட்டப்படாத புழுதி உட்சென்று றிங்குகளை அரைத்துவிடும். அக்குழாயை மாற்றாது புதிய றிங்குகளைப் போட்டால், அவையும் அவ்வாறே விரைவில் தேய்ந்துபோகும்.