பிறவிப் பிழையும் பின்வந்த காயமும்

வெள்ளவத்தையில் கடலோரமாக ஓடும் புகையிரதப் பாதையில் வைத்து நசுக்கப்பட்ட ஐந்து ரூபாய்க் குற்றியும், நாணயச்சாலையிலேயே பிழைபட அடிக்கப்பட்ட ஐந்து ரூபாய்க் குற்றியும் பார்வைக்கு ஒருங்கே உருக்குலைந்தவையாகத் தோன்றினாலும், சேகரிப்பாளர் பின்னதையே விலை கொடுத்து வாங்குவர். இலங்கைக்கெனச் சொந்த நாணயச்சாலை இல்லாமையால் மத்திய வங்கியின் குற்றிகள் வெளிநாடுகளிலேயே அடிக்கப்படுகின்றன. அங்கே உலோகத் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் வெற்று வில்லை, விளிம்பு உயர்த்தப்பட்ட பின்னர், வளையமொன்றினுள் இரு அச்சுகளுக்கு நடுவே அழுத்தப்பட்டு நாணயமாகிறது. இப்படிகளுள் எதிலும் நேர்ந்திருக்க முடியாத குறை, பிழையன்று, சேதமே.

விளிம்பில் பிறை வடிவாகத் துண்டு குறைந்த குற்றி இதற்குத் தக்க சான்று. வெட்டுக்கருவி, தான் முன்னர் வெட்டிய துளையின்மேல் சற்றே படிந்து விழும்போது இத்தகைய குறைபட்ட வில்லை பிறக்கிறது. விளிம்பை உயர்த்தும் வேளையில் குறைந்த இடத்தில் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க உலோகம் இல்லாததால், அதற்கு நேரெதிரான விளிம்பும் பெரும்பாலும் மழுங்கிப்போகிறது. இதனைப் பிளேக்ஸ்லி விளைவு என்பர். அரத்தால் தேய்த்துப் 'பிழை' உண்டாக்குவோர் எதிர்ப்பக்கத்தை மறந்துவிடுவதால், அங்கே விளிம்பு குறையின்றி நிற்பதே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது.

2005 முதல் பல ஆண்டுகள் வெளிவந்த ஐந்து ரூபாய்க் குற்றிகள் பித்தளைப் பூச்சிட்ட உருக்காலானவை என்பதால், வெண்ணிறமாகக் காணப்படும் ஒன்றைப் 'பூச்சு விடுபட்ட பிழை' என விற்க முனைவது எளிது. பூச்சு இயல்பாகவே விடுபட்டிருந்தால் எழுத்துகள் கூர்மையாக இருக்கும். அமிலத்தில் இட்டதாயின் எழுத்துகள் கரைந்து, மேற்பரப்பு நுண்குழிகளால் சொரசொரப்பாகும். உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பூச்சுக் கொப்புளித்த காசுகளையும் பிழையென நம்புவோர் உளர். அவை வெறும் துருவேறிய காசுகள். 1984 இன் ஐந்து ரூபாயோ நிக்கல்-பித்தளையாலானது. அதற்குப் பூச்சே இல்லை, காந்தத்திலும் அது ஒட்டாது. அதனைப் பூச்சு விடுபட்டதென்று விற்பவரிடம் வாதிடுவதிலும் ஒரு சிறு காந்தத்தை நீட்டுவது மேல்.

பிழையெனக் காட்டுவதற்காக இரு காசுகளை இடுக்கியில் வைத்து நெரித்து, ஒன்றின் உருவை மற்றதில் இடவலம் மாறப் பதித்துவிடுவதும் உண்டு. அவ்வாறு பதிந்த குழிவுக்கு அடியில் பழைய உரு நசுங்கிக் கிடக்கும்.

ஆகவே வாங்குவோர் அதே ஆண்டின் சாதாரணக் குற்றியொன்றை அருகில் வைத்து, எடையையும் விளிம்பையும் ஒப்பிட்ட பின்னரே விலை பேசுதல் வேண்டும். ஐயமுள்ள காசைப் புளியிட்டுத் துலக்குதல் அறவே கூடாது.