அந்த ஃபைலைத் தொட்டது யார்?

பல சின்ன அலுவலகங்களில் கணினிக்கு ஒரே பாஸ்வேர்டு. அது எல்லோருக்கும் தெரியும். சம்பளப் பட்டியல் ஒருநாள் காணாமல் போனால், பழி புதிதாகச் சேர்ந்தவர் மீதோ, கடைசியாகக் கதவைப் பூட்டியவர் மீதோ விழுகிறது. 'நான் இல்லை' என்று காட்ட அவர்களிடம் எதுவும் இருக்காது. இது பெரிய அநியாயம். யார் எந்த ஃபைலைத் திறந்தார், அழித்தார் என்று குறித்துவைக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. நாம்தான் அதை இயக்கிவைக்க வேண்டும்.

முதலில் ஆளுக்கொரு லாகின். அது இல்லாவிட்டால் எல்லோர் வேலையும் ஒரே பெயரில் பதிவாகும், மற்றதெல்லாம் வீண். பிறகு, விண்டோஸ் ப்ரோவில் அட்மினாக நுழைந்து, லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் 'ஆடிட் ஆப்ஜெக்ட் ஆக்சஸ்' என்பதற்கு சக்சஸ், ஃபெயிலியர் இரண்டையும் டிக் செய்யுங்கள். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். எந்த ஃபோல்டரைக் கண்காணிக்க வேண்டும் என்று சொல்லாதவரை அதைப் பற்றி ஒரு வரிகூட விழாது. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஆடிட்டிங் என்று போய், 'எவ்ரிஒன்' சேர்த்து, எழுதுவதையும் அழிப்பதையும் தேர்ந்தெடுங்கள். படிப்பதை ரகசிய ஃபோல்டருக்கு மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் வழக்கமாக 20 எம்பி அளவே உள்ள விண்டோஸ் பதிவேடு மளமளவென நிரம்பி, பழைய வரிகள் போய்விடும்.

ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவைப் பாருங்கள். ஈவென்ட் ஐடி 4663 என்றால் ஃபைலைத் தொட்டிருக்கிறார்கள். 4660 என்றால் அழித்திருக்கிறார்கள். 4660-இல் ஃபைல் பெயர் இருக்காது. அதே ஹேண்டில் எண்ணுள்ள 4663-இல் தேட வேண்டும். காப்பி எடுத்தது வெறுமனே படித்ததாகத்தான் தெரியும். 1102 வந்திருந்தால், யாரோ பதிவேட்டையே துடைத்துவிட்டார்.

அனுமதியின்றித் தகவலை எடுப்பதும் அழிப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வரும், நஷ்டஈடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகாரை சைபர் கிரைம் போலீஸிடம் கொடுக்கலாம். அதற்கு முன் கணினியை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பதிவைத் தனியாகச் சேமியுங்கள். நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

முதலாளிகளே, கண்காணிப்பு இருக்கிறது என்று ஊழியர்களிடம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஊழியர்களே, உங்கள் லாகினை யாருக்கும் கொடுக்காதீர்கள். பழி வந்து, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், முதலில் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.