இரண்டு உடையும் ஒரு கம்பளியும்

பண்டாரவளையிலே ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள். தேயிலை மலைகளிலிருந்து இறங்கி வருவோர் அரிசியும் கருவாடும் வாங்கியபின் துணிக்கடைப் பக்கம் திரும்புவர். தீபாவளி நெருங்கிவிட்டாலோ சொல்ல வேண்டுவதில்லை. தோட்டத்தில் பெறும் பண்டிகை முற்பணத்திற் பெரும்பகுதி துணியாக மாறிவிடும். அப்பணமோ பின்வரும் மாதங்களிலே சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். சாயம் போன பின்னும் கடன் போகாத சேலைகள் இம்மலைகளிற் பல உண்டு.

இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. முற்காலத்திலே தொழிலாளிக்குக் கம்பளி வழங்கிய தோட்டங்கள், அதன் விலையையும் கணக்கிலெழுதிச் சம்பளத்திற் பிடித்துக்கொண்டன. ஆயினும் அக்கம்பளிபோல் உழைத்த ஆடை வேறில்லை. மழையிலே அது குடை, பனியிலே போர்வை, இரவிலே படுக்கை, குழந்தைக்கு மெத்தை.

உடைகளைக் குறைத்துக்கொள்ளுமாறு கூறுவோர் முதற்கண் ஓர் உண்மையை உணரல் வேண்டும். வறுமை வேறு, அளவறிதல் வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்துக் காம்பராவிலே, ஒரே பெட்டிக்குள் உடைமை யாவற்றையும் அடக்கி வாழ்ந்த குடும்பத்திடம் சிக்கனம் பேசுவது நகைப்புக்கிடமாகும். தானே விரும்பிக் குறைப்பவனுக்குத்தான் அது நோன்பு. குறைக்கப்பட்டவனுக்கு அது துன்பம்.

இவ்வேறுபாட்டை நன்கறிந்தவர் காந்தியடிகள். அந்நியத் துணியை விலக்கினாற் கதர் வாங்க வழியற்றிருந்த ஏழைகளை எண்ணியே, 1921 செப்டெம்பர் 22ஆம் நாள் மதுரையில் அவர் அரையாடை பூண்டார். ஏழையிடம் துறவு கேளாமல், தாம் துறந்தார். 1927 நவம்பரிலே கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்த அவர், பதுளைக்கு வந்ததும் அக்கோலத்திலேயே.

ஆதலால் இக்கடமை முதலில் நம்மைப் போன்றோரையே சாரும். விழாவுக்கொரு சேலையென ஆசிரியை உடுத்தினால், மாணவியர் அதனையே மதிப்பின் அளவுகோலாகக் கொள்வர். புதுப்பாவாடை இல்லையென்பதற்காகப் பரிசளிப்பு விழாவன்று வீட்டிலேயே தங்கிவிடும் சிறுமிக்கு, கண்டிப்பும் வேண்டாம், இரக்கமும் வேண்டாம். முன்னே நிற்கும் ஆசிரியை சென்ற ஆண்டுச் சேலையையே உடுத்தியிருந்தாற் போதும்.

எத்தனை உடை போதும்? ஊவாவிலே ஐப்பசி முதல் தை வரை வாடைமழை பெய்யும். துவைத்த துணி இரண்டு நாளாகியும் உலராது. எனவே ஒன்று உடுத்த, ஒன்று துவைக்க, ஒன்று உலர என மூன்றும், விழாவுக்கொன்றும், குளிருக்கொரு கம்பளிச் சட்டையும் இன்றியமையாதவை. வாங்கும்போது துணியை வெளிச்சத்திற்குப் பிடித்து நெசவின் நெருக்கத்தைக் காணுங்கள்; உட்புறம் திருப்பித் தையலைப் பாருங்கள்; பிள்ளைகளின் உடையாயின் பிரித்துவிடத்தக்க மடிப்பு உண்டாவென்று நோக்குங்கள். விலையை அன்று, எத்தனை முறை உடுத்தலாமென்பதைக் கணக்கிடுங்கள்.

ஒரு பருத்திச் சட்டை உருவாக ஏறத்தாழ 2,700 லீற்றர் நீர் செலவாகும் என மதிப்பிடுவர். நீருடன் மனித உழைப்பும் அதிற் கலந்துள்ளது. 1978இல் கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் தோன்றியபின், ஆடைத் தொழிற்சாலைகளை நாடி இம்மலைகளிலிருந்தும் இளம்பெண்கள் சென்றனர். ஒருமுறை உடுத்தி எறியும் சட்டையின் தையலிலே நம் மாணவி ஒருத்தியின் இரவுறக்கமும் இருக்கக்கூடும்.

வேந்தனுக்கும் வேடனுக்கும் வேண்டும் உடை ஒரே அளவினதே எனப் புறநானூற்றிலே நக்கீரனார் கண்டார். மிகுந்த செல்வத்தின் பயன் கொடுத்தல் என்பதும் அவர் முடிபு. அலமாரியிலே தூங்கும் நல்ல சேலைக்கு, அதனை உடுத்தப் பெண்ணொருத்தி பக்கத்து மலையிலே இருக்கிறாள். அது நைந்து பழையதாகுமுன் கொடுத்துவிடுதலே அவளுக்குச் செய்யும் மரியாதை.