திறமூல உரிமத் தேர்வு

சொல்லடைவு தொகுத்தற்கும், யாப்பினை அலகிட்டுக் காண்டற்கும், சுவடிப் பாடங்களை ஒப்புநோக்குதற்கும் தமிழாய்வாளர் தாமே மென்பொருள் இயற்றும் காலம் இது. அவ்வாறு இயற்றியதைப் பிறரும் பயன்கொள்ளுமாறு வெளியிட விரும்புவோர் எவ்வுரிமத்தைத் தேர்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சட்டத்தின் நிலையை அறிதல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ‘இலக்கியப் படைப்பு’ என்பதன் வரையறையுள் இன்று கணிப்பொறி நிரலையும் அடக்குகின்றது. ஆதலின், நூலுக்கு உள்ளது போன்றே நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. பதிவு செய்யாவிடினும் அது தானே தோன்றும். ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே, மூலநிரலை, அஃதாவது மாந்தர் படித்துத் திருத்துதற்குரிய வடிவினை, யாவரும் காண வைத்த அளவில் அது பொதுவுடைமை ஆகும் என்பார் கூற்றுப் பொருந்தாது. உரிமம் இன்றேல், அதனைத் திருத்திப் பிறர்க்கு வழங்க எவர்க்கும் இசைவில்லை.

எம் மாணாக்கர் ஒருவர் இயற்றிய சொல்லடைவு நிரலை, அவர் வேறு பணிக்குச் சென்றபின், பின்வந்தோர் விரிக்க முற்பட்டனர். உரிமக் குறிப்பு யாதும் இல்லாமையின் அம்முயற்சி நின்றது. பணி முழுவதையும் முதலிலிருந்து மீளச் செய்ய நேர்ந்தது. அக்குறிப்பை எழுதுவிக்கத் தவறியது எம் குற்றமே.

திறமூல உரிமங்களைப் பெரும்பான்மையும் இருவகையுள் அடக்கலாம். பெறுவோரை மிகுதியும் கட்டுப்படுத்தாதன ஒருவகை. எம்.ஐ.டி. உரிமம் இத்தகையது. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காது வைத்தல் ஒன்றே அதன் நிபந்தனை. திருத்தியவர் தம் மூலநிரலை மறைத்து விற்பினும் தடையில்லை. 2004இல் வெளிவந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பும் இவ்வினத்ததே.

பெற்றவரும் அவ்வாறே வழங்குதல் வேண்டும் என விதிப்பன மற்றொரு வகை. 1989இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். இதற்குத் தலையாய சான்று. நிரலைத் திருத்தி வழங்குவோர், பெறுவோர்க்கு மூலநிரலையும் அவ்வுரிமத்தின் கீழேயே தருதல் வேண்டும். தம்மளவில் திருத்திப் பயன்படுத்துவோர்க்கு இக்கடமை இல்லை.

‘ஆய்வுக்கு மட்டும், வணிகத்திற்கு அன்று’ என எழுத விழைவார் நம்முட் பலர். அவ்வரம்பு உடையது திறமூலம் ஆகாது. லினக்சின் வரலாறு ஈண்டுக் கருதத்தக்கது. 1991இல் லினஸ் டார்வால்ட்ஸ் அதனை வெளியிட்டபோது, பொருள்பெற்று வழங்குதலைத் தடுத்திருந்தார். படியெடுக்கும் சிறு செலவையும் பெறவியலாமை, அதனைப் பரப்ப முன்வந்தோர்க்கு இடராயிற்று. 1992இல் அவர் ஜி.பி.எல்.-ஐ மேற்கொண்டார். அதன்பின் பொருள் பெறுதற்குத் தடையில்லை. மூலநிரலை மறைத்தற்கே தடை. இவ்விரு தடைகளின் வேறுபாட்டை உணர்ந்தார்க்குத் தேர்வு எளிதாகும்.

துறையொன்று பல்லாண்டு உழைத்து உருவாக்கும் ஆய்வுக் கருவிக்கு ஜி.பி.எல். ஏற்றது என்பது எம் கருத்து. பின்வருவோர் அதனை விரித்து வழங்குங்கால், அவ்விரிவும் பெறுவோர்க்கு மூடப்படாது நிற்கும். சொற்பிரிப்பு போன்ற சிறு நிரல் எல்லா மென்பொருளிலும் புகுதல் வேண்டும் என்பதே நோக்கமாயின், எம்.ஐ.டி. சாலும். எழுத்துருவுக்கு அதற்கென்றே அமைந்த ஓ.எஃப்.எல். உரிமம் உண்டு.

தேர்வுக்கு முன் நோக்கத்தக்கன இரண்டு. பிறர் நிரலைத் தம் நிரலுள் சேர்த்திருப்பின், அதன் உரிமத்தோடு தம் உரிமம் முரணாமை வேண்டும். பணியின் பகுதியாக இயற்றியதற்கு, மாறான உடன்பாடு இல்லாவழி, பணியளித்தவரே முதல் உரிமையாளர். ஆகலின் பல்கலைக்கழகத்தின் எழுத்திசைவைப் பெறுதல் வேண்டும்.

பின்னர், உரிம வாசகத்தைச் சிறிதும் மாற்றாது தனிக்கோப்பாக மூலநிரலோடு வைத்து, ஆண்டையும் உரிமையாளர் பெயரையும் குறித்தல் கடன். ஒரு நாழிகையில் முடியும் இச்சிறு பணியைச் செய்யாதொழியின், பல்லாண்டு உழைப்பும் இயற்றியவரோடே நின்றுவிடும்.