எலும்பு வளரக் கட்டளையிடுவது யார்?

மரத்திலிருந்து விழுந்த பையனுக்குக் கை முறிந்து விடுகிறது. டாக்டர் எலும்பை நேராக வைத்து மாவுக்கட்டுப் போடுகிறார். சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தால், எலும்பு கூடியிருக்கிறது! பையன் மறுபடியும் மரம் ஏறப் புறப்பட்டு விடுகிறான்.

டாக்டர் எலும்பை அசையாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். முறிந்த இடத்தில் புது எலும்பைக் கட்டியது பையனின் உடம்பே. ஆனால், 'இங்கே கட்டு' என்று அதற்குச் சொன்னது யார்?

முயலின் தசையில் எலும்பு!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு டாக்டர் ஆராய்ச்சி செய்து வந்தார். எலும்புத் துண்டுகளை அவர் அமிலத்தில் ஊற வைத்தார். சுண்ணாம்புச் சத்து கரைந்து, வளைந்து கொடுக்கும் சக்கைதான் மிஞ்சியது. அதை முயல் முதலிய பிராணிகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார். என்ன ஆச்சரியம்! எலும்புக்கு வேலையே இல்லாத அந்த இடத்தில் புது எலும்பு முளைத்திருந்தது. இதை அவர் 1965-ல் வெளியிட்டார்.

செத்த சக்கை தானாக வளராது. அதிலிருந்த ஏதோ ஒரு பொருள், பிராணியின் சொந்த அணுக்களை எலும்பு கட்டத் தூண்டியிருக்க வேண்டும். அப்பொருளுக்கு 'எலும்பு உருவாக்கும் புரதம்' என்று 1971-ல் பெயர் சூட்டப்பட்டது. அது ஒரு புரதமல்ல, ஒரு குடும்பம் என்பது 1988-ல் தெளிவாயிற்று.

அணுவுக்குள் நடப்பது

எலும்பு மஜ்ஜையிலும், எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்விலும் 'ஸ்டெம் செல்' எனப்படும் மூல அணுக்கள் உண்டு. இன்னும் உத்தியோகம் கிடைக்காத வாலிபர்களைப் போன்றவை இவை. எலும்பு அணுவாகலாம், குருத்தெலும்பு அணுவாகலாம், கொழுப்பு அணுவாகவும் ஆகலாம்.

அணுவின் மேற்புறத்தில் பூட்டுகள் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. புரதம் அதில் சாவிபோல் பொருந்தியதும், உள்ளே இருக்கும் தூதர்கள் செய்தியை அணுவின் நடுக்கருவுக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே 'ரன்க்ஸ்-2' என்ற மேஸ்திரி விழித்துக்கொள்கிறார். அவர் உத்தரவுப்படி அணு எலும்புக் கொத்தனாராகிறது. முதலில் கொலாஜன் என்ற நார்ப் பின்னல். பிறகு அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு.

மேஸ்திரி இல்லாவிட்டால்? ரன்க்ஸ்-2 இல்லாத எலிக்குஞ்சுகளின் உடம்பில் வெறும் குருத்தெலும்புதான் இருந்தது. மூச்சுவிட முடியாமல், பிறந்த சிறிது நேரத்தில் இறந்து போயின. இது 1997-ல் கண்டது.

கல்லாய்ச் சமைந்த மனிதர்

கட்டளை ஓயாமல் ஒலித்தாலும் ஆபத்துத்தான். பிலடெல்பியா நகரின் மியூட்டர் மியூசியத்தில் ஓர் எலும்புக்கூடு இருக்கிறது. தசையும் தசைநாரும் எலும்பாக மாறிப்போய், முதுகும் கைகால்களும் ஒரே பாளமாய் இறுகியவர் அவர். கடைசிக் காலத்தில் உதடுகளை மட்டுமே அசைக்க முடிந்தது. 1973-ல், நாற்பது வயது நிரம்புமுன் காலமானார்.

பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவதே அபூர்வமான இந்த நோயின் மூலத்தைப் பென்சில்வேனியா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 2006-ல் கண்டுபிடித்தார்கள். பூட்டின் அமைப்பில் ஒரு சிறு பிழை! அதனால் அது வேறு சாவிக்கும் திறந்துகொள்கிறது. லேசாக அடிபட்டாலும் தசையில் எலும்பு வளரும். கத்தி வைத்து அகற்றினாலோ, முன்னிலும் அதிகமாக வளரும்.

மருந்தும் அளவும்

யூரிஸ்ட் தேடிய புரதத்தைப் பஞ்சில் நனைத்து, முதுகெலும்பு ஆபரேஷனில் வைக்க அமெரிக்க அரசு 2002-ல் அனுமதித்தது. ஆனால் கழுத்தில் வைத்தபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறியது. 2008-ல் அரசே எச்சரிக்கை விடுத்தது. எலும்பு இறுகும் நோய்க்கும் 2023-ல் அங்கே முதல் மருந்து அனுமதி பெற்றது. அது புது எலும்பைக் குறைக்கும், வளர்ந்துவிட்டதைக் கரைக்காது.

மரம் ஏறிய பையனுக்குக் கட்டளை வேண்டிய இடத்தில் பிறந்தது. வேலை முடிந்ததும் அடங்கியது. பிலடெல்பியாக்காரருக்கு அது அடங்கவேயில்லை. தம் நோயை டாக்டர்கள் ஆராய்ந்து அறியட்டும் என்று எலும்புக்கூட்டை மனமுவந்து கொடுத்துச் சென்றவரும் அவரே.